ரோசிக்கு ஏழாம் இடம்

குதிரையின் காதைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும் சார். மீதிப் பாதிக்கு அதன் சொந்தக்காரர் போட்டிருக்கும் சட்டையைப் பார்க்க வேண்டும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர்களின் குதிரைகள் பெரும்பாலும் மூன்றாம் மைலிலேயே மூச்சு வாங்கும். தீனிக்குப் போக வேண்டிய கவனம் சலவைக்குப் போயிருக்கும்.

என் பெயர் ஆத்மநாதன். வயது ஐம்பத்து நான்கு. தொழில், பத்திரம் எழுதுவது. அறந்தாங்கி சுற்றுவட்டாரத்தில் எங்கே குதிரை வண்டிப் பந்தயம் நடந்தாலும் பதினோரு வருஷமாக ஜீப்பில் உட்கார்ந்து மைக் பிடிப்பவன் நான்தான். முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு போடுவேன். எந்த வண்டி எத்தனையாவது வரும், ஏன் வரும் என்று. அதைக் கேட்டுவிட்டுத்தான் பல வீடுகளில் சோற்றில் கை வைக்கிறார்களாம். நான் சொல்லவில்லை, சொல்லிக்கொள்கிறார்கள்.

எனக்குப் பந்தா ஆகாது. அதுதான் என் பதிவுகளுக்கு இவ்வளவு மவுசு. இந்த மது எடுப்புத் திருவிழாவுக்குப் பெரிய குதிரைப் பிரிவில் ஏழு வண்டிகள், போக வர எட்டு மைல். சென்னையில் அடுக்குமாடி கட்டி விற்கிற அடைக்கப்பன், ஓட்டுகிறவனுக்கும் குதிரைக்கும் ஒரே துணியில் சீருடை தைத்திருந்தார். "உடுப்பைச் சரிசெய்யவே அரை மைல் போய்விடும், ஆறாவது" என்றேன். ஒரு கட்சிக்காரர் குதிரையின் பெயருக்கு முன்னால் நாலு பட்டம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். "ஃப்ளெக்ஸில் நாலு காலும் அந்தரத்தில் இருக்கின்றன, ரோட்டில் அந்தச் சிரமம் இருக்காது, ஐந்தாவது" என்றேன். ஆவுடையப்பனின் செவலைக் குதிரைக்கு முதலிடம். அவர் எந்த விளம்பரமும் செய்வதில்லை, குதிரையும் செய்வதில்லை.

ஏழாவது இடம் ரோசிக்கு.

ரோசி, கவியரசனின் குதிரை. கவியரசன் என் தங்கை அழகம்மாளின் ஒரே மகன். அவனுக்கு நாலு வயதில் அப்பா போய்விட்டார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓட்டப் பழக்கியதும், அரசாங்க ஐ.டி.ஐ.யில் சேர்த்ததும், முதல் குதிரையின் பல்லைப் பிடித்து வயது பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். செருப்பு வாங்குவதென்றால்கூட என்னைக் கேட்பான். ரோசியை மட்டும் கேட்காமல் வாங்கினான். மீமிசல் போய், பார்த்து, பேசி, முடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தி, "எப்புடி மாமா இருக்கு?" என்றான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இருபத்தேழு வயதுக்காரன், தானே முடிவெடுக்க வேண்டியதுதான். சாம்பல் நிறம், மெலிந்த கால், மீன்வாடை. அதைத்தான் பதிவில் சொன்னேன். "ரோசியைப் பந்தயத்துக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள், சந்தைக்கு என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது" என்று. நன்றாகச் சிரித்தார்கள்.

டீக்கடையில் என்னோடு தினமும் உட்காருகிற சந்தோஷ்குமார்தான் வம்பை ஆரம்பித்தது.

"சொந்த மருமகனுக்கே ஏழாவது போட்டுட்டீங்க. அவன் ஜெயிச்சுட்டா என்ன செய்வீங்க?"

"அன்னைக்கோட சரி, மைக்கைத் தொட மாட்டேன்."

"அப்பச் சரி. ஊருக்குக் கொஞ்சம் நிம்மதி."

அதற்கும் சிரித்தார்கள்.

ஏழாவது என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை சார். என் வேலைக்கு ஒரு முறை உண்டு. குதிரையைப் பற்றி விற்கிறவனிடம் கேட்கக் கூடாது. விற்று மூன்று மாதம் ஆனவனிடம் கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மை வரும். பந்தயத்துக்கு எட்டு நாள் முன்பு மீமிசல் போனேன். ரோசியை விற்ற செபமாலை, அதை வைத்துக் கரையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். இப்போது டி.வி.எஸ். வாங்கிவிட்டார். நல்ல மனுஷன். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"ஓட்டத்துல அதை அடிச்சுக்க ஆள் இல்ல சார். ஒரே ஒரு கொறதான். இந்தப் பந்து ஹாரன் இருக்குல்ல, இதை அமுக்குனா எங்கன போய்க்கிட்டு இருந்தாலும் அப்புடியே நின்னுரும். தெருவுக்குத் தெரு இதை அடிச்சுட்டு ஒரு கை வெல்லத் தவிடு குடுப்பேன். அதுக்காக நின்னு திரும்பிப் பாக்கும். அந்தத் தம்பிட்டச் சொல்லணும்னே இருந்தேன், விட்டுப்போச்சு. நீங்க மாமாங்கிறீங்க, மறக்காமச் சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்த ஹாரனையும் கேட்டேன். எதுக்கு என்றார். பேரன் விளையாட என்றேன். எனக்குப் பேரன் இல்லை. கல்யாணமே ஆகவில்லை.

கவியரசனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கணிப்பவன் ஒரு தரப்புக்குத் துப்புக் கொடுத்தால் அப்புறம் அவன் கணிப்புக்கு என்ன மரியாதை? மருமகன் என்பதற்காக நெறியை வளைக்க முடியுமா? அவனாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் கேட்கவில்லை.

பந்தயத்தன்று காலை ஏழு மணிக்கு வண்டிகளை வெள்ளோட்டம் விட்டார்கள். ரோசி அரை மைல் போய்த் திரும்பி வந்தது. நான் காதைப் பார்த்தேன். தோளைப் பார்த்தேன். நின்ற பிறகு மூச்சை எண்ணினேன். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு குதிரையை நான் பார்த்ததில்லை. அந்த மெலிந்த காலை ஏளனம் செய்தேனே, அதுதான் அதன் பலம். இரண்டாவதாக வருகிற வண்டிக்கும் அதற்கும் முப்பது அடியாவது இருக்கும் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சுற்றி நின்ற யாருக்கும் தெரியவில்லை.

திருத்திச் சொல்லியிருக்கலாம். நான் பத்திரம் எழுதுகிறவன். அடித்துத் திருத்திய பத்திரத்தை எவன் நம்புவான்?

வண்டிகள் வரிசைக்குப் போகுமுன் கவியரசன் ஜீப்பருகே வந்தான். புதுச் சட்டை, நெற்றியில் மஞ்சள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமா, என்னைய எப்புடி வேணாலும் கிண்டல் பண்ணுங்க. ஒரு தடவ மட்டும் மைக்குல நல்ல குதிரைன்னு சொல்லிருங்க. அம்மா போன்ல லைவ்ல பாத்துக்கிட்டு இருக்கு."

"ஓட்டு, பாப்போம்" என்றேன்.

பந்தயம் முடியும்வரை மீன்காரர்கள் யாரும் ரோட்டுக்கு வரக்கூடாது என்று விழாக் கமிட்டியில் அறிவித்தார்கள். இதைக் கவனிக்க வேண்டும் சார். நான் ஏழாவது என்று கணித்தது, எல்லா நாளும் இருக்கிற ரோட்டை வைத்து. அந்த ரோட்டில் எட்டு மணிக்குள் பத்து மீன்காரராவது ஹாரன் அடித்துக்கொண்டு போவார்கள். ரோட்டை மாற்றியது கமிட்டி. என் கணக்கில் பிழை இல்லை. இருக்க வேண்டிய ஒரு சத்தத்தை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் அது போதுமானதாக இருக்கிறது.

நாலாம் மைலில், எல்கையில் திரும்பும்போது ரோசி நாலாவது. ஒரு மைலில் இரண்டாவது. அடுத்த கல்லுக்குள் ஆவுடையப்பனின் செவலையையும் தாண்டிவிட்டது. கவியரசன் சாட்டையை எடுக்கவே இல்லை. கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, குதிரையோடு ஏதோ பேசிக்கொண்டே வந்தான். எங்கள் ஜீப் பக்கவாட்டில் போயிற்று. ரோட்டின் இருபுறமும் ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு கையைத் தூக்கி மைக்கைக் காட்டினான். சொல்லுங்க மாமா என்று.

பையிலிருந்த ஹாரனை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை அமுக்கினேன். ஒரே தடவைதான். பின்னால் நூறு மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ரோசிக்குத் தெரிந்தது.

அப்படியே நின்றுவிட்டது. அவன் அதன் தலைக்கு மேலாகப் போய் முன்னால் விழுந்தான். பின்னால் வந்த ஆவுடையப்பனால் வண்டியை நிறுத்த முடியவில்லை. அவர்மேல் குற்றம் இல்லை, அந்த வேகத்தில் யாராலும் முடியாது. சக்கரம் நெஞ்சின்மேல் ஏறிற்று. அந்த நேரத்தில் மைக்கில் ஒரு குரல், "நேத்தே சொன்னேனா இல்லையா" என்று சொல்வது லைவில் பதிவாகியிருக்கிறது. என் குரல்தான். நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ரோசிக்கு ஒரு கீறல் இல்லை. கூட்டம் கூடி, ஆம்புலன்ஸ் வந்து, அவனை ஏற்றிக்கொண்டு போகும்வரை அது தலையைத் திருப்பி ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு கைத் தவிட்டுக்காக. என்னிடம் தவிடு இல்லை. கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அழகம்மாள் இன்னும் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், அவள் அவர்களுக்கு உட்கார இடம் பார்த்துக் கொடுக்கிறாள். நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒனக்குத்தான் தெரியும். எம்மவன் ஓட்டுனதுல தப்பு இருந்துச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் ஏன் விழுந்தான் என்று கேட்பாள். அதனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் அதை 'இருந்தது' என்று எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த ஸ்டேஷனுக்கு நான் வந்தது பயந்துகொண்டு இல்லை. என்மேல் யாருக்கும் சந்தேகமும் இல்லை. இன்று காலை அரவிந்த்குமார் என்று ஒரு பையன் யூடியூபில் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டி, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, கவியரசன் பதற்றத்தில் கயிற்றைச் சுண்டிவிட்டான், அனுபவம் போதாது என்று விளக்குகிறான். இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அவனுக்குக் குதிரையின் காது எது, வால் எது என்று தெரியாது.

அது தப்பான கணிப்பு சார். கயிறு தளர்வாகத்தான் இருந்தது. அவன் அருமையாக ஓட்டினான், அது நல்ல குதிரை, முப்பது அடிக்குக் குறையாமல் முதலாவதாக வந்திருப்பான். அன்று காலையிலேயே அதைச் சரியாகக் கணித்தவன் அத்தனை கூட்டத்திலும் நான் ஒருவன்தான். எதை விட்டாலும் அதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.