மாமல்லபுரத்துக்கு வந்த மாநாடு

எனக்குக் கடலில் குளிக்கிற பழக்கம் இல்லை. உப்புத் தண்ணீர் பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அன்றைக்கும் நான் கரையில்தான் நின்றேன். இவ்வளவு நாள் கழித்து மாரி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மைதான், ஐயா.

எங்கள் மன்றத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வானொலிகளின் தமிழ் நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் கேட்கிறவர்கள் நாங்கள். ஊர் ஊராகக் கிளைகள் உண்டு. ஒவ்வொரு சித்திரையிலும் ஓர் ஊரில் மாநாடு. முடிகிற அன்று மாலை, கையைத் தூக்கச் சொல்லி அடுத்த வருஷத்து ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். மாமல்லபுரம் கிளைக்குத் தலைவர் பட்டாபிராமன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். செயலாளர் ஜெயகிருஷ்ணன், நான்தான். வருஷா வருஷம் கேட்டோம். கடற்கரையில் வைத்தால் ஒருத்தனும் கூட்டத்தில் உட்கார மாட்டான் என்று சிரித்துவிட்டு வேறு ஊருக்குக் கை தூக்குவார்கள். வாத்தியாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அவமானமாக இருக்கும்.

தொண்ணூற்றேழில் வந்தவாசியில் நடந்தது. அந்தக் கிளைத் தலைவர் முந்தின வருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டிருந்தார். பதவியில் இருக்கும்போது தலைவர் இறந்தால், அஞ்சலியாக அடுத்த மாநாடு அந்த ஊருக்கே, ஓட்டு கிடையாது. அது எங்கள் வழக்கம். நல்ல சாப்பாடு போட்டார்கள். பக்கத்து இலையில் வாத்தியார் பாயசத்தை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரையே கொஞ்ச நேரம் பார்த்தேன்.

அடுத்த மாசிமகத்துக்கு வாத்தியார் கடலில் முழுக்குப் போட வந்தார். நீச்சல் தெரியாது. கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல் என்றார். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, பாறையோரம் ஆளே இல்லை. அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த மாரியிடம் விசாரித்தேன்.

"அந்தாண்ட வேணாம் சார். பாக்கத்தான் அமைதியா கீது. உள்ள இஸ்துகினு பூடும்."

அவனுக்கு நன்றி சொன்னேன். அவன் வலையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்துவிட்டு, தெற்கே நல்ல இடம் இருக்கிறது, ஆழமே இல்லை என்று வாத்தியாரை அழைத்து வந்தேன். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். மறுபடி எழுந்தபோது தள்ளிப் போயிருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரையில் ஓட்டு இல்லாமலே மாநாட்டை எங்களுக்குக் கொடுத்தார்கள். மறுவருஷம் குறையில்லாமல் நடத்தினோம். வாத்தியாரின் மனைவி பெருந்தேவி மாமி குத்துவிளக்கு ஏற்றினார். அவருக்கு வியர்த்தது, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஒருவர்கூடக் கூட்டத்தை விட்டு எழுந்து போகவில்லை.

பந்தியில் வேலூர்ச் செயலாளர் செங்கல்வராயன் ஒரு விஷயம் சொன்னார். அந்த மாசிக்கு முன்பே வாத்தியார் பஸ் ஏறி ஒவ்வொரு கிளையாகப் போய்ப் பேசியிருக்கிறார்.

"ஜெயகிருஷ்ணன் ரொம்ப ஆசைப்படறான். இந்தத் தடவை எங்களுக்குக் குடுத்துடுங்கோ."

எல்லோரும் சரி என்றுவிட்டார்களாம். என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம், சித்திரையில் அவனே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றாராம்.

அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது, ஐயா. மாநாடு எப்படியும் வந்திருக்கும். அதனால் மாநாட்டுக்காக அவரைக் கொன்றேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.