மூடிய கதவில் அவள் பெயர் வேண்டாம்

மேடையில் அமர்ந்திருக்கும் முதலாளி ஐயா அவர்களே, என் பேத்தியோடு தோளோடு தோள் நின்று வேலை பார்த்த பிள்ளைகளே, அவளை ஒரு நாளும் நேரில் பாராமல் எழுத்திலேயே பழகி, இன்று படத்துக்கு முன்னால் வந்து நிற்கும் ஆட்டக்காரர்களே, சொந்தபந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வணக்கத்தைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. நான் படமாகியிருக்க வேண்டும். அவள் இங்கே நின்று என்னைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். அதுதானே முறை? முறை தப்பிவிட்டது. அவளைப் பெற்றவள், என் மகள், முன்வரிசையில் இருக்கிறாள். இங்கே வந்து நிற்க அவளால் ஆகவில்லை. அதனால் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் எழுதி எடுத்து வந்து வாசிக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரை இழந்திருக்கிறோம்? ஒட்டுக்காரியை இழந்திருக்கிறோம். உலகத்தில் பாதிப்பேர் திட்டுவதற்காக வைத்த பெயர் அது. அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டு போனாளே, அந்த ஒட்டுக்காரியை!

சொந்தக்காரர்களில் பலருக்கு இவள் என்ன வேலை பார்த்தாள் என்றே தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பீர்கள். இன்றைக்காவது தெரிந்துகொள்ளுங்கள். இவள் வீடியோ கேம் செய்தாள். டயர் கடைக்கு மேலே ஒரு மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். அங்கே உட்கார்ந்து இவர்கள் செய்த முதல் விளையாட்டுக்கு 'விளக்குக்காரி' என்று பெயர். ஊரே இருண்டு போயிருக்கும். ஒருத்தி கையில் தீயை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விளக்கேற்றுவாள். அவ்வளவுதான் கதை. அந்த அவ்வளவுக்கே ஜனங்கள் உருகிப் போனார்கள்.

ஏன் உருகினார்கள் தெரியுமா? அந்த மாடியில் என் பேத்தி ஒரு சட்டம் வைத்திருந்தாள். விளையாட்டு பழகாத ஓர் ஆளைக் கூட்டி வந்து உட்கார வைப்பாள். செய்தவர்கள் எல்லோரும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விளையாடுகிறவர் எங்கே தடுக்கி விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பழகாத ஆளுக்கு எங்கே போவது? வீட்டிலேயே நான் இருந்தேனே! என்னை உட்கார வைத்தாள். ஒரு கிணற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், வழி தெரியவில்லை. பின்னால் அவர்களுடைய ஓவியன் நிற்கிறான். ஆறடி உயரம், இவள் அவனுக்கு வைத்த பெயர் குள்ளன். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"பாட்டி, இடது பக்க..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடுடா குள்ளா" என்று காலை மிதித்தாள் இவள். "நீ என்ன, விளையாடுறவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பின்னால நிப்பியா?"

"பாட்டி பாவம்டி."

"பாட்டி பாவமில்ல. நம்ம கிணறுதான் மோசம். மாத்து."

மாற்றினார்கள். அப்படி மாற்றி மாற்றித்தான் முதல் பாகம் நிலைத்து நின்றது.

இரண்டாம் பாகம் வந்தது. பெரிய இடம், பெரிய கடல், படகு, நூறு வீடு. தேதி ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. வெளியாளை உட்கார வைக்க நேரமில்லை என்றார்கள். இவள் சண்டை போட்டாள், தோற்றாள். ஐயா மேல் குற்றம் சொல்ல நான் இங்கே வரவில்லை. அவசரம் யாருக்குத்தான் வரவில்லை? ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமல்லவா?

அந்தப் படகில் ஒரு பலகை. அதில் கால் வைத்தால் விளக்குக்காரி படகின் ஓட்டை வழியாக விழுந்து, கடலுக்குள் போய், கடலுக்கும் கீழே போய், அடியே இல்லாத இருட்டில் போய்க்கொண்டே இருப்பாள். இது மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால் யாரும் அதில் கால் வைக்கவில்லை. தாண்டித் தாண்டிப் போய்ப் பழகிவிட்டார்கள். பழகப் பழக, அங்கே ஓட்டை இருக்கிறது என்பதே மறந்துவிட்டது! செய்தவன் காலுக்குத் தெரிந்த ஓட்டை, வாங்கினவன் காலுக்குத் தெரியுமா?

விழுந்தார்கள். ஆயிரம் ஆயிரமாக விழுந்தார்கள். சில வீடுகளில் மனிதர்களுக்கு முகமே இல்லை. கண்ணும் பல்லும் மட்டும் காற்றில் நின்று பேசின. பாதி தூரம் வந்தவர்களுக்கு வந்த தூரம் அழிந்து போனது, மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வீட்டுக்கு வந்தால், கதவு திறக்காது. எப்படித் திறக்கும்? நேரமில்லை என்று வெறும் கதவை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பின்னால் வீடே இல்லை. கதவின் முன்னே தீயை ஏந்தி நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடும்.

வசவு என்றால் வசவு, காது கொண்டு கேட்க முடியாத வசவு. ஐயா அன்றைக்குச் சொன்னார், "விட்டுத்தள்ளும்மா. மூணாம் பாகத்துல எல்லாம் சரி பண்ணிக்கலாம்." என் பேத்தி கேட்டாள், "இவங்க வாங்கினது மூணாம் பாகமா சார்?"

ஐயா, அந்தக் கேள்வி உங்களைத் தைத்தது. அதனால்தான் அவளையும் இன்னும் சிலரையும் இரண்டாம் பாகத்தைச் சரிசெய்யும் வேலையிலேயே விட்டுவைத்தீர்கள். அதற்கு இன்றும் நான் நன்றி சொல்கிறேன்.

விற்றாகிவிட்ட பொருளைத் திரும்ப வாங்காமலே, அது இருக்கிற வீட்டிலேயே வைத்துச் சரிசெய்ய முடியுமாம். அப்டேட் என்கிறார்கள். கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிற மாதிரிதான் என்று எனக்குச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் என்ன சரிசெய்தோம் என்று ஒரு அறிவிப்பு எழுத வேண்டும். மற்றவர்கள் "மேம்படுத்தியுள்ளோம்" என்று எழுதிவிட்டுப் போவார்களாம். இவள் என்ன எழுதினாள்? "படகில் ஓட்டை இருந்தது. எங்களுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது அடைத்துவிட்டோம்." இப்படி எழுத எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்?

அன்றைக்கு ஒருவர், ஒரு லாரி டிரைவர், அந்த அறிவிப்புக்குக் கீழே "ஒட்டுக்காரி, செத்துத் தொலை" என்று எழுதியிருந்தார். என் முன்னால்தான் வாசித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே பதில் எழுதினாள், "தொலையறேன் அண்ணே. அதுக்கு முன்னாடி நீங்க எங்க மாட்டினீங்கன்னு சொல்லிடுங்க."

அவர் சொன்னார். அவள் சரிசெய்தாள். அவர் மறுபடி மாட்டினார், மறுபடி சொன்னார். கடைசியில் புது ஒட்டு எது வந்தாலும் முதலில் அவருக்குத்தான் எழுதி, விளையாடிப் பார்க்கச் சொல்வாள். டயர் மாற்ற வந்தால் லாரியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறி வருவாராம். அவள் ஊருக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துத்தான் வருவாராம், முகத்தில் முழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு.

இன்று வாசலில் என்னைப் பார்த்து, "அம்மா, நான்தான் அப்படி எழுதினவன்" என்றார்.

"தெரியும், வாங்க. படகுலேர்ந்து விழுந்தவர்தானே? உள்ள வந்து உக்காருங்க" என்றேன்.

மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தம்பி, நீங்கள் எழுதினதால் அவள் போகவில்லை. அழாதீர்கள்.

எதனால் போனாள்? சொல்கிறேன். படகை அடைத்தாள். முகமில்லாதவர்களுக்கு முகம் கொடுத்தாள். அழிந்த தூரத்தை மீட்டாள். திட்டினவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மிச்சம் இருந்தது அந்தக் கடைசி வீடு. "கதவைத் திறக்காமல் போக மாட்டேன்" என்று எல்லோருக்கும் எழுதி வாக்குக் கொடுத்தாள். அந்த நேரத்தில்தான் தலைவலி வந்தது. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் வேலை பார்ப்பாள். முதலில் கேட்டோம். "கதவு திறக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள். பிறகு அவள் கண்ணைப் பொத்தினாலே, "விளக்கை அணைக்கவா?" என்று கேட்கப் பழகிவிட்டோம்.

எத்தனை பேருக்குப் பின்னால் நின்று, எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்த்தவள்! அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தது யார்? வீட்டில் நாங்கள் தாண்டிப் போனோம். மாடியில் நீங்கள் தாண்டிப் போனீர்கள். எல்லோருக்கும் தெரிந்த பலகை அது. பழகிப் போய்விட்டது.

ஒரு காலையில் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். தூக்கிக்கொண்டு ஓடின குள்ளனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அந்தப் பிடி ஆஸ்பத்திரியில்தான் தளர்ந்ததாம். அவளுக்கு ஒட்டுப் போட யாராலும் முடியவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஐயா வீட்டுக்கு வந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதையும் நான் மறைக்கவில்லை. "பாட்டி, அந்தக் கடைசிக் கதவை அப்படியே மூடினபடி விட்டுடலாம்னு இருக்கோம். அதுல அவ பேரைப் பொறிச்சிடலாம். விளையாடுறவங்க எல்லாம் அங்க வந்து நின்னு கும்பிட்டுட்டுப் போவாங்க. இனிமே அப்டேட் வேணாம்."

அதற்குப் பதிலை இன்றைக்கு எழுதி வந்திருக்கிறேன்.

வேண்டாம் ஐயா! மூடிய கதவில் அவள் பெயர் வேண்டாம்! அது அவள் வெட்கப்பட்ட கதவு. பின்னால் வீடில்லாத கதவு. அந்தக் கதவைத் திறக்கத்தான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணைக் கொடுத்தாள். அதிலேயே அவள் பெயரை எழுதி நிறுத்தினால், தோற்ற இடத்திலேயே அவளைப் புதைத்த மாதிரி ஆகாதா? ஒரு தடவை புதைத்தது போதாதா?

குள்ளனைக் கேட்டேன், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று. "அவ கதவுக்குப் பின்னால வீட்டைக் கட்டிட்டா பாட்டி. கட்டில் இருக்கு, ஜன்னல் இருக்கு, விளக்கு வைக்கிற இடம் வரைக்கும் வந்துட்டா. தீ மட்டும் ஏறல. வீடு இருட்டாவே கெடக்கு" என்றான். "உங்களால முடியுமாடா?" என்று கேட்டேன். "அவ அளவுக்கு முடியாது. ஆனா முடியும்" என்றான்.

ஆகவே, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். அவள் கொடுத்த வாக்கை முடித்துவைப்பீர்களா? அந்தப் பிள்ளைகளை இன்னும் கொஞ்ச காலம் அந்த வேலையில் விட்டுவைப்பீர்களா? தலையாட்டுகிறீர்கள் ஐயா. கடைசி வரிசைக்குத் தலையாட்டினது கேட்காது. வாயால் சொல்லுங்கள்.

"திறக்கிறோம்" என்றார். எல்லோரும் கேட்டீர்களா? தம்பி, மூன்றாவது வரிசை, நீங்கள் கேட்டீர்களா? சரி. கை தட்ட வேண்டாம், இது அதற்கான நாள் இல்லை.

அவள் வேலையைத் தொடருவோம் என்று இந்தப் பிள்ளைகள் உறுதி எடுப்பார்கள். என் பங்குக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கதவு தயாரானதும் சொல்லி அனுப்புங்கள். டயர் கடைப் படியில் மெதுவாக ஏறி வருகிறேன். முன்னைப் போலவே உட்கார வையுங்கள். எனக்குப் படகில் ஏறத் தெரியாது, வழி தப்பும், கதவைத் தேடித் தடவுவேன். நீங்கள் எல்லோரும் பின்னால் கையைக் கட்டி நில்லுங்கள். குள்ளா, உனக்குத்தான் சொல்கிறேன், அழுதாலும் சத்தம் வரக்கூடாது. ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த இருட்டு வீட்டில் நான் தீயை வைக்கும்வரை திரும்பிப் பார்க்க மாட்டேன். என் நாற்காலிக்குப் பின்னால், உங்களோடு சேர்ந்து, அவளும் நிற்கிறாள் என்றே நினைத்துக்கொள்வேன். ஏன் பேசவில்லை என்று கேட்க மாட்டேன். பேசாமல் நிற்பதுதானே அவள் வைத்த சட்டம்.