நாலு விரல் கோதுமை

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். இது நம் தையல்காரரின் மச்சினனுக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்... நடுவில் சிரிக்க மட்டும் கூடாது.

மாலை ஆறு மணி. மழைக்காலம், அதற்குள் கும்மிருட்டு. ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. அதன் கோடியில் ஒரு பழைய செங்கல் வீடு, முன்பக்கம் மளிகைக் கடை. இரண்டும் இப்போது அருங்காட்சியகம். மச்சினன்தான் காவலாளி, குடியிருப்பதும் பின்கட்டில். மனைவி நர்ஸ், வேலைக்குப் போயிருந்தாள். ஐந்து வயது மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள். இரண்டு நாளாக ஒரு வாய் இறங்கவில்லை. அவனுக்கு உயிரே அவள்தான்.

கடையில் இருப்பதெல்லாம் பார்வைக்குத்தான். டப்பாக்கள் காலி. கோதுமை மூட்டையில் மேலே நாலு விரல்தான் கோதுமை, கீழே முழுக்க மரத்தூள். வருகிறவர்களிடம் கடைக்காரன்போலப் பேசி, மேலாக ஒரு குவளை அள்ளிக் கையில் கொட்டுவான். அவர்கள் சிரித்துக்கொண்டே திருப்பிப் போட்டுவிடுவார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

பூட்டப் போகும் நேரம்... மேசைக்கு எதிரே ஒரு பெண். கதவு மணி அடிக்கவே இல்லை. ஈரச் சாம்பல் வாடை.

"என்னம்மா வேணும்?" வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

"கோதுமை குடுங்கண்ணே. குழந்தை ரெண்டு நாளா சாப்பிடல."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டு மகளிடம் போகிற அவசரம். குவளையை ஆழமாக அழுத்தி அள்ளி அவள் பையில் கொட்டினான். சலசலவென்று விழ வேண்டியது... பொத்தென்று விழுந்தது. மரத்தூள்தான் அதிகம். அவள் திருப்பிப் போடவில்லை. இது தின்கிற சாமான் இல்லையம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆள் போனால் போதும் என்று சும்மா இருந்துவிட்டான், பாவி.

"நல்லா இருங்கண்ணே. உங்க குழந்தைக்கும் ஒரு வாய் குடுக்குறேன்."

வீட்டுக்குள் போகும் கதவு வழியாகப் போனாள். அவன் மத்தியானமே பூட்டிய கதவு அது. பூட்டைத் திறந்து பார்த்தான். யாரும் இல்லை. சமையலறையில், எத்தனையோ வருடமாகத் தீ மூட்டாத அடுப்பு... மேலே இருந்த சட்டி சுட்டது.

பின்கட்டுக்கு ஓடினான். மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத் தொட்டான். காய்ச்சல் இல்லை... உடம்பே சில்லென்றிருந்தது.

"வயிறு நிறைஞ்சிருச்சுப்பா. அத்தை ஊட்டுனாங்க."

சிரித்தாள். பல் இடுக்கெல்லாம் மரத்தூள்.

"நாளைக்கும் நீங்கதான் அளந்து குடுப்பீங்களாம்."