பழகிய அழுத்தம்

மூத்திரத்தைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, ஐயா. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையைத்தான். இரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் கையை விரிப்பது சிறுநீரகம். பையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தால் ஆள் தேறுவான் என்று நம்பலாம்.

அந்தப் பிரிவுக்கு வெகுகாலம் நான்தான் தலைவர். கிருமி தாக்கி விழுந்த அழுத்தம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று ஓர் எண் வைத்திருந்தேன். எல்லோருக்கும் அதே எண்தான். கேள்விப்பெட்டி வந்து சேரும்வரை அதில் யாருக்கும் குழப்பமில்லை.

கேள்விப்பெட்டி என்பது அந்த ஜூனியர் டாக்டர் பெண்ணுக்கு வார்டில் வைத்த பெயர். ஒருநாள் காலை ரவுண்ட்ஸில், மாணவர்களும் நர்சுகளும் சூழ்ந்து நிற்கையில் சொன்னாள்: "சார், இந்தம்மாவுக்கு ரொம்ப வருஷமா பிரஷர் அதிகம். இவங்க கிட்னி அந்த அழுத்தத்துக்கே பழகிடுச்சு. நம்ம நம்பர் இவங்களுக்குப் பத்தாது. பிரஷரைத் தூக்கற மருந்தைக் கொஞ்சம் ஏத்தி வெச்சா கிட்னியைக் காப்பாத்திடலாம்."

மாணவர்கள் தலையாட்டினார்கள். வேறு எதற்கு அவர்களுக்குக் கழுத்து? நான் சிரித்துக்கொண்டே, "செஞ்சு பாரும்மா" என்றேன். எனக்குப் பெருந்தன்மை அதிகம்.

அந்த அம்மாள் நடந்தே வீட்டுக்குப் போனாள். அடுத்து இன்னொருவரும் பிழைத்தார். அவ்வளவுதான், நர்சுகளுக்கு ஒரு தெய்வம் கிடைத்துவிட்டது. மருந்தை எவ்வளவு வைப்பது என்று அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

மருந்து ஒரு சிறிய பம்ப் வழியாகப் போகும். பிற்பகலில் அவள் வெளிநோயாளிகளைப் பார்க்கப் போவாள். நான் கட்டில் கட்டிலாகச் சுற்றி வருவேன். தலைவர் ஏன் நோயாளி அருகில் நிற்கிறார் என்று எவன் கேட்பான்? அவள் ஏற்றியதை என் எண்ணுக்கு இறக்கிவைப்பேன். மாலை அவள் திரும்புவதற்குள் ஏற்றிவிடுவேன். என் எண்ணுக்குக் கீழே இறக்கியதில்லை.

சில நாள் கொஞ்சம் கீழே இறக்கினேன். அலாரம் கத்தாதபடி அதன் வாயைக் கட்டிவிட்டுத்தான்.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அந்த பஸ் டிரைவருக்கும் பழைய பிரஷர்காரர் உடம்பு. அவர் மனைவிக்குப் பையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஒருநாள் என்னை மறித்தாள்.

"காலைல நல்லா இறங்குது டாக்டர். மத்தியானம் நீங்க வந்து போனா மட்டும் நின்னுடுது. ஏன்?"

"நோய் அப்படித்தாம்மா. நான் பாத்துக்கறேன், பயப்படாதே" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் அதே கேள்வியைக் கேள்விப்பெட்டியிடமும் கேட்டுத் தொலைத்திருக்கிறாள்.

மறுநாள் கேள்விப்பெட்டி வெளிநோயாளிகளைப் பார்க்கப் போகவில்லை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தபோது என் விரல் பம்ப் பொத்தான்மேல் இருந்தது. மருந்தை ஏற்றினாள். பிறகு கேட்டாள்:

"எத்தனை பேர் சார்?"

கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் மரியாதையாகக் கேட்கிறீர்கள், சொல்கிறேன். டிரைவர் பிழைத்துக்கொண்டார். சிறுநீரகம் திரும்பவில்லை, இனி இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம்தான் அவருக்கு. அவருக்கு முன்னால் மூன்று பேர். ஓர் அச்சகத் தொழிலாளி, ஒரு சமையல்காரம்மாள், வகுப்புக்கு எப்போது திரும்பலாம் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாத்தியார். மூவருக்கும் காலையில் பை நிறைந்துகொண்டிருந்தது. மூவரையும் நான்தான் கொன்றேன். கிருமி முற்றிவிட்டது என்று வீட்டாரிடம் சொன்னவனும் நான்தான்.

இத்தனைக்கும் அந்தப் பெண்மேல் எனக்குத் துளி கோபமில்லை, ஐயா. நாலு பேர் முன்னால் சொல்லாமல், என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருந்தால் நானே அந்த மருந்தை ஏற்றியிருப்பேன். அவள் சொல்வது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.