சனிக்கிழமைத் தேவாரம்

ஆங்கிலேய நாட்டில், மனோர் பார்க்கிலிருந்து பிளேஸ்டோ செல்லும் நகரப் பேருந்தில் என் செவிக்கு எட்டியதை மட்டுமே எழுதுகிறேன். முன்னிருக்கைப் பெண்கள் இருவரும் எனக்கு அறிமுகமற்றவர்கள். அவர்கள் சொல்லாததை நான் இட்டு நிரப்புவது முறையன்று. ஒருவர் முக்காடிட்டிருந்தார். பொட்டு வைத்திருந்த மற்றவரை அவர், டீச்சர் என்பதை 'ரீச்சர்' என்றே சொல்லி அழைத்தார்.

"என்ர மகளோட கதைக்க எனக்கு ஒரு ஆள் வேணும், ரீச்சர்."

"ஏன், கோபமோ?"

"கோபமெண்டா நல்லம். தமிழ் கதைக்கமாட்டாளாம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு பஸ் ஏறத்தான் காணும்."

"முஸ்லிம் ஸ்கூலுக்கு மாத்தினதாலயோ?"

"முந்தின ஸ்கூலில முக்காட்டைப் பிடிச்சு இழுத்தவங்கள். மாத்தாமல் என்ன செய்யிறது? இங்க ஒருத்தரும் இழுக்கிறேல்லை. ஆனா தமிழ் கதைச்சா, நீ இந்துவோ எண்டு சிரிக்கினமாம்."

"அப்ப சனிக்கிழமையில எங்கட தமிழ்ப் பள்ளிக்கு விடுங்கோவன்."

"விட்டனான். முதல் நாளே, தேவாரத்துக்கு வாய் திறக்கேல்லை எண்டு ஏச்சு விழுந்தது."

"அது வழமைதானே. எல்லாப் பிள்ளையளும் பாடுறவை."

"ஓம் ரீச்சர். எல்லாப் பிள்ளையளும்."

ரீச்சர் திரும்பி அவருடைய முக்காட்டைப் பார்த்தார்.

"நான் நிர்வாகத்தோட கதைக்கிறன். தேவாரம் முடியுமட்டும் அவ வாசலில நிக்கட்டும்."

"எங்க போனாலும் அவள் வாசலிலதான் நிக்கிறாள், ரீச்சர்."

அப்போது முக்காடிட்டவரின் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் ஓர் இளங்குரல் ஆங்கிலத்தில் விரைந்து பேசிற்று. "ஓகே, ஓகே மகள்" என்று சொல்லி அவர் தொலைபேசியை வைத்தார்.

"என்னவாம்?"

"விளங்கேல்லை, ரீச்சர். ஓமெண்டிட்டன்."

அந்தச் சொற்கள் எனக்கும் தெளிவாகக் கேட்கவில்லை. அத்தாய் எதற்கு உடன்பட்டார் என்பது தெரியாது.