மார்ட்டின் என்கிற கன்றுக்குட்டி

"எங்க மேனேஜர் பேரைக் கன்னுக்குட்டிக்கு வச்சிருக்கேன்டி" என்று முன் சீட்டுப் பெண் சொன்னதும் என் காது தானாக அங்கே போனது. தல்லாகுளத்தில் ஏறிய எனக்கு அலங்காநல்லூர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்திருந்தது. அவள் ஜெர்மனியில் இன்ஜினியராம், லீவுக்கு வந்திருக்கிறாளாம். பக்கத்தில் இருந்தது அவள் தோழி.

"அம்புட்டுக் கோவமா அவரு மேல?"

"கோவமில்லடி, பழகிக்கிறேன். அங்க மேனேஜரையும் பேரு சொல்லித்தான் கூப்பிடணும். எங்கப்பா, வேலை பாத்த தோட்டத்து முதலாளி பேரை ஒருநாளும் வாயால சொன்னதில்ல. எனக்கும் அதே வாயி. மீட்டிங்ல கூப்பிட முடியாம கம்முன்னு இருப்பேன். நான் செஞ்ச வேலையத் தான் செஞ்சதா வேறொருத்தன் சொல்லிருவான். இப்பத் திரும்பிப் போனதும் டீம் லீடர் வேலைக்கு இன்டர்வியூ. அவருதான் கேள்வி கேக்கப் போறாரு."

"சரி, வாயில வருதா?"

"இன்னைக்குக் காலைல, 'மார்ட்டின், கொஞ்சம் நில்லு, நான் பேசணும்'னேன். நின்னு கேட்டுச்சு."

தோழி சிரித்துவிட்டாள். "உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"அதை ஏன் கேக்குற? 'மார்ட்டின் சார், தண்ணி குடிக்கிறீகளா'ன்னு வாளியோட நிக்குது."