கழுவியது தெரியாத வண்டி

என் பெயர் குணசேகரன், வயது 38, த/பெ எல்லப்பன். திருத்தணி மேட்டுத் தெருவில் குடியிருந்து வருகிறேன். அரக்கோணம் சாலையில் சடகோபன் என்பவர் நடத்தும் வாட்டர் சர்வீஸில் பதினோரு வருடமாகக் கார்களின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்யும் வேலை செய்கிறேன். இறந்துபோன கஜபதி என் அக்கா துர்காவின் கணவர், நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆர்.கே.பேட்டையில் லுங்கி நெய்யும் பவர்லூம் ஒன்றில் இரவு ஷிப்ட் பார்த்து வந்தார். நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்று நீதித்துறை நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டேன். யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகவே வந்தேன்.

06.11.2025 வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒரு வெள்ளைக் கார் சர்வீஸுக்கு வந்தது. ஓட்டி வந்தவரை எனக்கு முன்பின் தெரியாது, அவர் பெயர் அசோக்குமார் என்பது பிற்பாடு தெரிந்தது. முன்பக்கம் இடது விளக்கு உடைந்திருந்தது. என் வேலை உள்பக்கம் என்பதால் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பின் சீட்டில் இடது பக்கம் தலை சாயும் இடத்திலும் அதற்குக் கீழேயும் ரத்தம் இருந்தது. "மாமனாருக்கு மலையில மொட்டை போட்டோம், கத்தி பட்டுடுச்சு. அவர லாட்ஜ்ல விட்டுட்டு வரேன்" என்றார். எங்கள் ஊரில் இது சகஜம். மொட்டை போட்டு இறங்கி வருகிறவர்களின் வண்டியில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது இப்படி ரத்தம் துடைப்பேன். ஆகவே சந்தேகப்படவில்லை.

அதன் பிறகு அவர், "பாலிஷ் எதுவும் போடாதே. பளபளன்னு இருக்கக் கூடாது, கழுவின மாதிரியே தெரியக் கூடாது. டேஷ்போர்டு மின்னினா கண்ணாடியில அடிச்சு ஓட்ட முடியல" என்று சொன்னார். இதையே நான் பல வருடமாக முதலாளியிடம் சொல்லி, "வந்தவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி செய்டா" என்று திட்டு வாங்கியிருக்கிறேன். பாலிஷைத் தடவி மினுக்குவதை யாரும் செய்துவிடலாம். அழுக்கு மட்டும் போய், வண்டி அதன் சொந்த நிறத்தில் நிற்க வேண்டும் என்பது என் பழக்கம். அதைத் தெரிந்து கேட்கிற ஒருவர் வந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். "ஆங், செஞ்சிடலாங்க, தெரியவே தெரியாது" என்று சொன்னேன்.

அதன் பிறகு வேக்குவம் மிஷினைப் போட்டேன். மொட்டைத் தலை சாய்ந்த சீட்டில் சந்தனம் ஒட்டியிருக்கும், பொடி முடி கிடக்கும். இந்த சீட்டில் இரண்டும் இல்லை. பஞ்சுத் துணுக்குகள் இருந்தன. காயத்தில் வைத்த பஞ்சு என்று எண்ணி இழுத்துவிட்டேன். அந்தப் பஞ்சு நீல நிறத்தில் இருந்தது. காயத்துக்கு நீலப் பஞ்சு யாரும் வைப்பதில்லை. நிறத்தைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே வேலையைச் செய்தேன்.

அதன் பிறகு ரத்தத்தைப் பச்சைத் தண்ணீர் விட்டு எடுத்தேன். சுடுதண்ணீர் விட்டால் கறை பிடித்துக்கொள்ளும். கறை இருந்த இடத்தை மட்டும் கழுவினால் அது தனியாகத் தெரியும் என்பதால், சீட் முழுவதையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராகத் தேய்த்து, ஷாம்பு தங்காமல் இரண்டு முறை வெறும் தண்ணீரில் துடைத்தேன். டேஷ்போர்டையும் கதவுகளையும் சொட்டு விழாதபடி பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு வண்டியை நிழலில் தள்ளிக் கதவுகளைத் திறந்து ஃபேன் வைத்தேன்.

அதன் பிறகு பின் சீட்டின் இடது பக்க பெல்ட்டைத் துடைக்கும்போது துணி சிவப்பானது. வழக்கமாக நான் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, திரும்ப உள்ளே போகாதபடி கிளிப் மாட்டி, சோப்புப் போட்டுக் காயவிடுவேன். அவர், "அது எப்ப காயறது, விடுய்யா" என்றார். ஆகவே வெளியே தெரிந்த பாகத்தை மட்டும் துடைத்தேன். அதன் பிறகு அவர் டேஷ்போர்டில் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைக்காரன்யா நீ" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அப்போது மணி பதினொன்று இருக்கும்.

சிறிது நேரத்தில் என் அக்கா போன் செய்து, "டேய், உங்க பாவா ஷிப்டு முடிஞ்சி இன்னும் வரலடா, போனும் எடுக்க மாட்றாரு" என்றாள். "எங்கனா டீ குடிச்சிகினு இருப்பாரு, வந்துடுவாரு" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அந்த வண்டியைத் துடைத்த துணிகளை அலசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை திருவாலங்காட்டில் ஒரு கரும்புத் தோட்டத்து ஓரத்தில் பாவாவின் உடல் கிடைத்தது. பால் ஊற்றப் போன ரத்தினம்மாள், முந்தின நாள் காலை ஆறு மணிக்கு ஆர்.கே.பேட்டை சாலையில் ஒரு வெள்ளைக் கார் பாவாவின் சைக்கிள் மேல் மோதியதையும், காரில் இருந்த இரண்டு பேர், "ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறோம்" என்று அவரைத் தூக்கி ஏற்றியதையும் பார்த்திருக்கிறார். அங்கிருந்து திருவாலங்காடு போக வேண்டுமானால் திருத்தணியைத் தாண்டித்தான் போக வேண்டும். திருத்தணியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அடிபட்ட பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக எங்களிடம் சொன்னார்கள்.

08ஆம் தேதி உடலைக் கொடுத்தார்கள். குளிப்பாட்டும்போது தலைப்பக்கம் நான் நின்றேன். இடது காதுக்குப் பின்னால் நீலப் பஞ்சு ஒட்டியிருந்தது. பாவா ஷிப்ட் முடிந்து வந்தால், தறி நூலிலிருந்து பறந்து அவர் தலையில் எப்போதும் ஒட்டியிருக்கும் பஞ்சுதான். ஈரத்துணியால் அதை நான் துடைத்து எடுத்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு 12ஆம் தேதி பாவாவின் செருப்பை அடையாளம் காட்டப் போலீஸ் நிலையம் போனேன். அந்தக் கார் அங்கே நின்றது. நாய் மேல் மோதியதாகவும், யாரையும் வண்டியில் ஏற்றவில்லை என்றும், வண்டியைக் கழுவி மாதக்கணக்கு ஆகிறது என்றும் அசோக்குமார் சொல்லியிருக்கிறார். "உள்ள கை வச்ச அடையாளமே இல்ல. அந்தப் பால்காரம்மாவுக்குக் கண்ணு வேற சரியா தெரியாது" என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டேஷ்போர்டு மங்கலாக, நான் விட்டபடியே இருந்தது.

வண்டியைக் கழுவியது நான்தான். பின் சீட்டின் இடது பக்க பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உள்ளே சுருண்டு போன பாகத்தை நான் தொடவில்லை. ஒரு ஆளை உட்கார வைத்து பெல்ட் போட்டிருந்தால் அந்தப் பாகம் அவர் மார்பின் மேல் இருந்திருக்கும். அங்கே என் கை படவில்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதை என் அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்த வாக்குமூலத்தின் நகல் அவளுக்குப் போகுமா என்று கேட்டேன். மனுப் போட்டால் கிடைக்கும் என்று சொன்னார்கள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

மேலே எழுதியதை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை, நீக்க வேண்டியதும் எதுவும் இல்லை.

(ஒப்பம்)
எ. குணசேகரன்